தோள் தேறிய காலபோகம்

இடது இடுப்பில் பனையோலைக் கடகம். கடகம் நிறைய முளைவிட்ட நெல். எனக்கு முன்னால் மட்டம் அடித்து, தண்ணீர் வடித்து, விதைப்புக்கு ஆயத்தமாய்க் கிடக்கிறது என் மூன்று ஏக்கர் வயல். வரம்பிலிருந்து சேற்றில் இறங்கி, வலது கையால் ஒரு பிடி நெல்லை அள்ளி, வீசுவதற்காகக் கையை உயர்த்துகிறேன். கை நெஞ்சளவு வந்தது. அதற்கு மேல் வரமாட்டேன் என்று நின்றுவிட்டது.

தோளுக்குள் ஆணி அடித்ததுபோல் ஒரு குத்து. பிடியில் இருந்த நெல் அப்படியே என் காலடியில் கொட்டுண்டது. குனிந்து நெல்லைச் சோதிப்பதுபோல நடித்தேன். ஏனென்றால் பக்கத்து வரம்பில் சிவராசா நின்றார்.

சிவராசா என் பக்கத்து வயல்காரர். என்னைவிட நாலைந்து வயது இளையவர். நல்ல மனிதர்தான். ஆனால் அக்கராயன் வயல்வெளியில் ஒரு நண்டு வரம்பில் துளை போட்டாலும் அந்தச் செய்தியை மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வாய் அவருக்கு. என் கை அவர் கண்ணில் படக்கூடாது என்பதுதான் அந்த நேரத்தில் எனக்கிருந்த பெரிய கவலை.

இந்தத் தொடரை எழுதத் தொடங்கிய நாளிலிருந்து பத்திரிகைத் தம்பி என்னிடம் கேட்பதெல்லாம் பெரிய கதைகள். இடம்பெயர்ந்தது, முகாமில் இருந்தது, திரும்பி வந்தது. அவற்றை எழுதினேன், இனியும் எழுதுவேன். ஆனால் இந்தக் கிழமை என் வலது தோளைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். விருப்பமில்லாதவர்கள் பக்கத்தைப் புரட்டி இராசிபலனைப் பார்க்கலாம். அதிலும் மூட்டுவலி என்றுதான் போட்டிருக்கும்.

முளைத்த நெல் காத்திராது

வயல் பக்கம் போகாதவர்களுக்காக ஒன்று சொல்லவேண்டும். சேற்று விதைப்புக்கு நெல்லை ஒரு நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, பிறகு ஈரச் சாக்கில் கட்டி நிழலில் வைப்போம். இரண்டாம் நாள் சாக்குக்குள் கைவிட்டால் இளஞ்சூடு தெரியும். மூக்கில் ஒரு புளித்த வாசம் அடிக்கும். வெள்ளை முளை எட்டிப் பார்த்ததும் விதைத்துவிட வேண்டும். ஒரு நாள் சுணங்கினால் வேர் நீண்டு ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். பிறகு அது மாட்டுக்குத்தான் ஆகும்.

அன்றைக்கு மூன்று ஏக்கருக்குமான நெல் முளைத்து நின்றது. விதைப்புக்காரர் எல்லோரும் அவரவர் வயலில். நான் கடகத்தை வரம்பில் வைத்துவிட்டு, ஈரச்சாக்கால் மூடிவிட்டு, கால் சேற்றைக்கூட ஒழுங்காய்க் கழுவாமல் கிளிநொச்சிக்குப் பஸ் ஏறினேன். தனியார் கிளினிக் ஒன்றில் இருந்த டொக்டர் தோளை அமர்த்திப் பார்த்துவிட்டு, கை உயர்கிற இடத்தில் உள்ள தசைநாண் புண்பட்டிருக்கிறது என்றார். ஊசி போட்டால் கொஞ்சக் காலத்துக்கு வலி குறையும், ஆனால் இரண்டு கிழமைக்குக் கைக்குப் பாரமான வேலை கொடுக்கக்கூடாது என்று திருப்பித் திருப்பிச் சொன்னார்.

ஓம் ஓம் என்று தலையாட்டினேன். ஊசி மருந்தோடு மரத்துப்போக வைக்கிற மருந்தும் கலந்திருந்ததாம். கிளினிக் வாசலைத் தாண்டுவதற்குள் வலி போய்விட்டது. எனக்கென்றால் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்து, பொழுது சாய்வதற்குள் மூன்று ஏக்கரையும் விதைத்து முடித்தேன். வலியே இல்லை. பாட்டுக்கூடப் பாடியிருப்பேன், சிவராசா நின்றிருக்காவிட்டால்.

வலிதான் மரத்தது, தோள் மாறவில்லை என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

வயல் காட்டிக் கொடுத்தது

கையால் விதைத்த வயலில் பொய் சொல்ல முடியாது. எட்டாம் பத்தாம் நாள் பயிர் எழும்பும்போது, கை எங்கே ஓடியது, எங்கே தயங்கியது என்பதெல்லாம் பச்சையாய்த் தெரியும். வரம்பால் போகிறவர்கள் நின்று பார்த்து, இன்னார் கை என்று சொல்லுவார்கள்.

என் வயலில் பிறைபிறையாய் மொட்டை. மரத்துப்போன கை முழு வீச்சுக்கு ஓடாமல் பாதியில் திரும்பியிருக்கிறது. நெல் கிட்டக் கிட்ட விழுந்து ஓரிடத்தில் கும்பலாயும், எட்டவேண்டிய இடத்தில் ஒன்றுமில்லாமலும் கிடந்தது. நூறு இடத்தில் வீட்டுக்கூரை பிய்ந்த மாதிரி இருந்தது எனக்கு.

விதைநெல் சரியில்லை என்று சொன்னேன். பிறகு காட்டுக்கோழி பொறுக்கிவிட்டது என்றேன். சிவராசா வரம்பில் குந்தியிருந்து நெடுநேரம் பார்த்துவிட்டு, காட்டுக்கோழி வட்டம் போட்டுத்தான் பொறுக்குமோ என்று கேட்டார். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வயிறெரிய.

இந்த வெட்கம் ஏன் அவ்வளவு பெரிது என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போகவேண்டும். என் மனுசன் இல்லாமல் நானும் மகளும் காணிக்குத் திரும்பி வந்த முதல் வருடம், இந்த வெளியில் விதைக்கத் தெரிந்த ஆண்களை ஒரு கை விரலில் எண்ணலாம். அவர்கள் எல்லா வயலுக்கும் போய்விட்டுக் கடைசியாய்த்தான் என்னிடம் வந்தார்கள். அதற்குள் என் நெல் வேர்விட்டுப் பின்னிப்போனது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அன்று பின்னேரமே முற்றத்தைக் கூட்டி, கடகத்தில் மணலை அள்ளி, வீசிப் பழகத் தொடங்கினேன். வீசுவேன், குனிந்து பார்ப்பேன், கூட்டி அள்ளுவேன், மறுபடி வீசுவேன். காலும் கையும் ஒன்றாய்ப் போகவேண்டும். வலது கால் முன்னே போகும்போது கை அள்ளும், இடது கால் போகும்போது வீசும். அந்தத் தாளம் உடம்பில் ஏற இரண்டு மாதம் பிடித்தது.

அடுத்த போகம் நானே விதைத்தேன். பொம்பிளை விதைத்தால் நெல்லும் நாணி நிற்கும் என்று ஒருவர் சொன்னார். பயிர் எழும்பிய பிறகு அவரே தன் வயலுக்கு என்னைக் கூப்பிட்டார். அதன்பின் ஐப்பசி வந்தால், பவளம் அக்கா எப்ப வருவா என்று கேட்காத வீடு குறைவு. அந்தப் பெயரைத்தான் மொட்டைப் பிறைகள் அழித்துப் போட்டன.

வீடு ஒரு முழம் இறங்கியது

ஊசியின் நன்மை ஒரு மாதம்கூட நிற்கவில்லை. மருந்து விட்டதும் வலி முன்னையதைவிட மோசமாய்த் திரும்பி வந்தது. கொண்டை முடிய முடியவில்லை. வலப்பக்கம் சரிந்து படுக்க முடியவில்லை.

ஆனால் நான் யாரிடமும் சொல்லவில்லை. பதிலுக்கு வீட்டை மாற்றினேன். உடுப்புக் காயப்போடுகிற கொடியைக் கொஞ்சம் இறக்கிக் கட்டினேன். குசினியில் மேல் தட்டில் இருந்த சீனிப் பேணியைக் கீழ்த் தட்டுக்கு மாற்றினேன். கண்ணாடியை இறக்கினேன். சாமிப் படத்தைக்கூட ஒரு சாண் இறக்கினேன், மன்னிப்புக் கேட்டுக்கொண்டு. கொடி எட்டுகிற உயரத்துக்கு வந்ததும், பக்கத்து வீட்டு ஆடு என் நல்ல சேலையின் முந்தானையைத் தின்றுவிட்டது. அப்போதும் ஆட்டுக்காரியோடு சண்டை பிடித்தேனே தவிர, தோளைப் பற்றி வாய் திறக்கவில்லை.

வைத்தியமும் செய்தேன், எனக்குத் தெரிந்த வைத்தியம். நொச்சி இலையை வறுத்து ஒத்தடம் கொடுத்தேன். எண்ணெய் போட்டு உருவினேன். சுகமாய் இருந்தது, ஆனால் கையை உயர்த்தினால் பழைய குத்துத்தான். கடைசியில், ஆட்டாமல் வைத்தால் மாறும் என்று யாரோ சொல்ல, பழைய சேலைத் துண்டால் தொட்டில் கட்டிக் கையை அதற்குள் போட்டு இரண்டு மாதம் சும்மா வைத்திருந்தேன். ஊருக்கு, கிணற்றடியில் வழுக்கி விழுந்தேன் என்று கதை விட்டேன். நான் செய்த பிழைகளுக்குள் இதுதான் பெரிய பிழை என்று பிறகு தெரிந்தது. தொட்டிலைக் கழற்றியபோது கை முன்னையதைவிட இறுகியிருந்தது.

வாயால் கெட்டது

என் மகள் சுகந்தி கல்யாணம் செய்து வவுனியாவில் இருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் வந்தவள், இறங்கிக் கிடந்த கொடியையும் கண்ணாடியையும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவளிடம் மறைக்க முடியவில்லை.

அவள் அழுதாள். அழுதுவிட்டுக் கோபப்பட்டாள். சிவராசா எங்கள் வயலைக் குத்தகைக்குக் கேட்டு அவளுக்குப் போன் எடுத்திருக்கிறார், அம்மாவைப் பார்க்கப் பாவமாய் இருக்கிறது என்று. ஆடு நனைகிறது என்று ஓநாய் அழுத கதை என்றேன். அவள் விடவில்லை. வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டுத் தன்னோடு வந்து இருக்கச் சொன்னாள்.

ஆளைப் பிடித்து விதைப்பேன் என்றேன். அதற்கு அவள் சொன்னது என்னைச் சுட்டது.

"ஆளைப் பிடிச்சு விதைச்சு, ஆளைப் பிடிச்சு மருந்தடிச்சு, நீங்கள் வரம்பில கதிரை போட்டு இருக்கப் போறியளோ அம்மா? அதுக்குப் பேர் கமமோ?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தால் நாக்கு என் சொல் கேட்காது. வருகிற ஐப்பசிக் காலபோகம் என் கையால் விதைக்காவிட்டால் நானே சிவராசாவைக் கூப்பிட்டு வயலைக் கொடுப்பேன் என்று சாமிப் படத்துக்கு முன்னால் நின்று சொல்லிவிட்டேன். அவள் தலையாட்டினாள். சொன்ன பிறகுதான் யோசித்தேன். அப்போது ஆனி மாதம். ஐப்பசிக்கு நாலு மாதம்தான் இருந்தது, என் கையோ சீனிப் பேணிக்கே எட்டவில்லை.

பத்துக்கு எத்தனை?

சுகந்திதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஸ்கான் எடுத்துப் பார்த்த டொக்டர், நாண் அறவில்லை, நைந்து தடித்துப்போயிருக்கிறது என்றார். ஒப்பரேசன் செய்ய வேண்டுமா என்று கேட்டேன். இப்போதைக்குத் தேவையில்லை, முதலில் மூன்று மாதம் ஒழுங்காய்ப் பயிற்சி செய்யுங்கள், அநேகம் பேருக்கு அதிலேயே தேறிவிடும் என்று சொல்லி, உடற்பயிற்சிச் சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினார்.

அங்கே இருந்தவள் நஸ்ரின். முல்லைத்தீவுப் பக்கத்துப் பிள்ளை. இடம்பெயர்ந்து வெளியூரில் வளர்ந்து, தகப்பனோடு சொந்தக் காணிக்குத் திரும்பி வந்தவள். வயது முப்பது இருக்கும். மெல்லிய குரல், ஆனால் எமகாதகி. கையை உயர்த்தச் சொன்னாள். நான் உடம்பை இடப்பக்கம் சாய்த்து, கை நன்றாய் உயர்ந்த மாதிரிக் காட்டினேன். அவள் என் இடுப்பைப் பிடித்து நிமிர்த்திவிட்டு, இப்போது தூக்குங்கள் என்றாள். கை நெஞ்சில் நின்றது.

ஊசி போட்ட கையோடு மூன்று ஏக்கர் விதைத்ததைச் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தால், தொட்டில் கட்டிய கதைக்குத்தான் அதிகம் திட்டினாள். நாண் கிணற்றுக் கயிறு மாதிரி உராய்ந்து நைந்துவிட்டதாய் நான் நினைத்திருந்தேன். நைந்த கயிற்றை இழுத்தால் அறுந்துதானே போகும் என்று கேட்டேன்.

"கயிறுக்கு உயிர் இல்லை அம்மா. இதுக்கு உயிர் இருக்கு. வேலை குடுத்தால்தான் தேறும். ஆனா அளவாய்க் குடுக்க வேணும்," என்றாள் நஸ்ரின்.

அவள் கொடுத்த வேலைகளைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. துவாயை மடித்துச் சுவரில் வைத்து, கையால் அமர்த்திப் பிடித்து, எண்ணவேண்டும். தோள்பட்டை இரண்டையும் பின்னுக்கு இழுத்து வைத்திருக்கவேண்டும். ஒரு கிழமை கழித்துப் பழைய சைக்கிள் ரியூப் ஒன்றைக் குசினிக் கதவுக் கொளுவியில் கட்டி, முழங்கை விலாவோடு ஒட்டியிருக்க, கையை வெளிப்பக்கம் இழுக்கவேண்டும். படுக்கும்போது கைக்குக் கீழே தலையணை. கொஞ்சம் தேறியதும் பிளாஸ்டிக் போத்தலில் கால்வாசி மணல் போட்டு உயர்த்தவேண்டும். மூன்று ஏக்கர் விதைத்த கைக்குப் போத்தலா என்று முணுமுணுத்தேன்.

ஒவ்வொரு முறையும் நோவுக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று கேட்பாள். மூன்று வரைக்கும் வந்தால் பரவாயில்லை, செய்யலாம். அதைத் தாண்டினாலோ, மறுநாள் காலையிலும் நொந்தாலோ, அடுத்த தரம் குறைக்கவேண்டும். நான் எப்போதும் இரண்டு என்றே சொல்லுவேன். அவள் என் வாயைக் கேட்காமல் நெற்றியைப் பார்த்துத் தானே மார்க் போட்டுக்கொள்வாள்.

உரத்தைக் கூட்டிப் போட்ட கதை

ஆடி முடியும்போது கை சீனிப் பேணிக்கு எட்டியது. மேல் தட்டுக்கு அல்ல, இறக்கி வைத்த தட்டுக்குத்தான். ஆனாலும் அன்றைக்குத் தேத்தண்ணிக்கு ஒரு கரண்டி சீனி கூடப் போட்டுக் குடித்தேன்.

அந்தச் சந்தோசம் தலைக்கேறியது. ஐப்பசிக்கு நாள் கிடக்கிறதே என்று, முப்பது தரம் இழுக்கவேண்டிய ரியூப்பைத் தொண்ணூறு தரம் இழுத்தேன். போத்தலை மணலால் நிரப்பினேன். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று பிள்ளைகளுக்குச் சொல்லத் தெரிந்த வாய், தனக்குச் சொல்லவில்லை. நாலாம் நாள் காலை கை கட்டிலை விட்டு எழும்பவில்லை.

அந்தக் கிழமைதான் சுகந்தியும் வந்தாள். நான் இடது கையால் புட்டுக்கு மா குழைப்பதைப் பார்த்துவிட்டு, மாவை வாங்கித் தான் குழைத்தாள். எனக்கு அழுகை வந்தது, சொல்ல வெட்கமில்லை. வயல் போய்விட்டது என்றே நினைத்தேன். பாட்டன் காலத்து வயல் என்பதற்காக அல்ல. நான் மணலில் பழகி, என் கையால் என் பெயரை எழுதிய இடம் அதுதான். அதை விட்டுப்போட்டு வவுனியாவில் மகளின் விறாந்தையில் ரீவி பார்த்துக்கொண்டு இருக்க என்னால் முடியாது.

நஸ்ரினிடம் போய் உண்மையைச் சொன்னேன். ஏழு மார்க் என்றேன். அவள் கத்தவில்லை.

"உங்கட பயிர் சுணங்கினால் மூண்டு மடங்கு உரம் போடுவீங்களோ அம்மா?"

"போட்டால் கருகிப்போகும் பிள்ளை."

"அதைத்தான் தோளுக்குச் செய்திருக்கிறீங்கள்."

முப்பது வருடம் மண்ணோடு புழங்கியவளுக்கு இது விளங்க ஒரு சின்னப் பிள்ளை சொல்லவேண்டி இருந்தது. எல்லாம் போய்விட்டதா என்று கேட்டேன். இல்லை, ஒரு படி கீழே இறங்கியிருக்கிறோம், அடியிலிருந்து தொடங்கத் தேவையில்லை என்றாள். சில நாள் சுவரில் அமர்த்துவது மட்டும், பிறகு பதினைந்து தரம் ரியூப், பிறகு முப்பது. இந்த முறை அவள் சொன்னதற்கு ஒன்றுகூடக் கூட்டவில்லை.

மூன்று சாக்கு

புரட்டாதியில் ஒருநாள் விதைப்பது எப்படி என்று செய்து காட்டச் சொன்னாள். அடுத்த முறை போகும்போது கடகமும் அளந்து எடுத்த ஒரு கொத்து நெல்லும் கொண்டு போனேன். ஆஸ்பத்திரி வளவில் வேப்பமரத்தடியில் வைத்து விதைத்துக் காட்டினேன். நஸ்ரின் பின்னால், பக்கத்தில், முன்னால் என்று நடந்து நடந்து பார்த்தாள். மருந்து எடுக்க வந்த சனம் முழுக்க நின்று வேடிக்கை பார்த்தது. கூட்டுகிற மனுசி மட்டும், நெல்லை ஆர் பொறுக்கிறது என்று சத்தம் போட்டா.

வீச்சு நன்றாய் இருக்கிறது என்றாள். பிறகு ஒரு ஏக்கருக்கு எத்தனை தரம் வீசுவீர்கள் என்று கேட்டாள். இத்தனை வருடத்தில் நான் எண்ணியதே இல்லை. குறுக்கும் நெடுக்குமாய் நடக்கிற நடையை இருவரும் மனக்கணக்காய்ப் பெருக்கிப் பார்த்து ஆளையாள் பார்த்தோம். ஆயிரக்கணக்கில் வந்தது.

"உங்கட தோள் விதைக்கும் அம்மா. ஆனா ஒரே நாளில மூண்டு ஏக்கர் விதைக்காது," என்றாள்.

அன்று பஸ்ஸில் வீடு வந்து சேரும் வரைக்கும் அந்த வார்த்தைதான் காதில். விதைநெல்லை நாங்கள் எப்போதும் நல்ல நாள் பார்த்து, மொத்தமாய் ஒரே நேரத்தில் ஊறப்போடுவோம். மொத்தமாய் முளைக்கும், அதனால் மொத்தமாய் ஒரே நாளில் விதைக்கிறோம். இந்த வெளியில் வேறு மாதிரி யாரும் செய்ததில்லை, ஏன் என்று யாரும் கேட்டதுமில்லை. முறிகண்டியைப் பஸ் தாண்டும்போது எனக்கு உறைத்தது. நெல்லை மூன்றாய்ப் பிரித்து, ஒரு நாள் இடைவெளி விட்டு ஊறப்போட்டால் என்ன? ஒவ்வொரு சாக்கும் அதனதன் நாளில் முளைக்கும். நாளுக்கு ஒரு ஏக்கர். தோளுக்கு இரவில் ஆறுதல்.

பஸ்ஸுக்குள் நான் என்னையறியாமல் சிரித்திருக்கவேண்டும். பக்கத்தில் இருந்த பெண் தள்ளி இருந்தாள்.

இந்தச் செய்தி சிவராசாவுக்குப் போனது. விதைப்புக்கு நாள் வைக்கிற கமக்காரர் கூட்டத்தில் எல்லோரும் கேட்க, பவளம் அக்கா மூன்று நாள் விதைப்பாவாம், மூன்று பொங்கலும் பொங்குவாவோ என்றார். மூன்று பொங்கலுக்கும் வந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றேன். இந்த முறை கூட்டம் சிரித்தது அவர் சொன்னதற்கு அல்ல, நான் சொன்னதற்கு.

விதைப்பு

முதல் நாள் காலை வெளியில் பனி கலையவில்லை. கடகத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வரம்பில் நின்றேன். நெல்லை அள்ளினேன், இறங்கினேன், வீசினேன்.

கை போனது. நெஞ்சைத் தாண்டி, தோளைத் தாண்டி, தன்பாட்டில் போய், விரல்கள் விரிந்து, நெல் விசிறியாய்ப் பரந்து சேற்றில் விழுந்தது. மழைத்தூறல் மாதிரி ஒரு சின்னச் சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. நின்று அழுதால் தாளம் போய்விடும் என்பதால் நடந்துகொண்டே இருந்தேன்.

ஒரு ஏக்கர் முடிந்ததும் கடகத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போனேன். சூரியன் உச்சிக்கு வரவில்லை. இன்னும் விதைக்கலாம் போலத்தான் இருந்தது. போகவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த கடினமான வேலை அந்தப் பின்னேரம் சும்மா இருந்ததுதான். இரண்டாம் நாள் இரண்டாம் சாக்கு. மூன்றாம் நாள் மூன்றாம் சாக்கு. கடைசி ஏக்கரின் கடைசி மூலையில் தோள் கொஞ்சம் முறுகியது. உண்மையான மார்க் போட்டேன், மூன்று. மறுநாள் காலை எழும்பிப் பார்த்தால் அதுவும் இல்லை.

நஸ்ரினுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அவள் முதலில் கேட்டது, இன்றைக்குப் பயிற்சி செய்தீர்களா என்று.

வரம்பைச் சுற்றி வந்தவர்

கடைசி விதைப்புக்குப் பத்தாம் நாள் சுகந்தி வந்தாள். வீட்டுக்கு வராமல் பஸ்ஸால் இறங்கி நேரே வயலுக்கு வந்தாள். மூன்று ஏக்கரும் ஒரே பச்சை. முதல் நாள் விதைத்ததும் கடைசி நாள் விதைத்ததும் எது என்று எனக்கே தெரியவில்லை. ஒரு பிறை இல்லை, ஒரு கும்பல் இல்லை. பாய் விரித்த மாதிரி கிடந்தது.

அவள் என் வலது கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "இனிக் குத்தகைக் கதை எடுக்கமாட்டன் அம்மா," என்றாள்.

எனக்கு அது போதும். ஆனால் அன்று பின்னேரம் சிவராசா வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, என் வயலின் நாலு பக்க வரம்பாலும் மெதுவாய் நடந்தார். நான் வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டு பார்த்திருந்தேன். மொட்டை ஒன்றாவது அகப்படுமா என்று அந்த மனிதர் குனிந்து குனிந்து தேடினார். அவ்வளவு இன்பமான காட்சியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

சுற்றி வந்து எனக்குப் பக்கத்தில் நின்றார். தன் மேட்டுத் துண்டு இன்னும் விதைக்காமல் கிடக்கிறது, வந்து விதைத்துத் தர முடியுமா என்று கேட்டார். குத்தகையைப் பற்றி மூச்சில்லை. வழமையாய் வருகிற ஆளுக்கு என்ன என்று கேட்டேன். இத்தனை வருடமாய் ஆள் பிடித்தே விதைக்கிறீர்களே, உங்கள் கைக்கு என்ன என்று பகிடியாய்த்தான் கேட்டேன்.

அவர் சுற்றிவரப் பார்த்தார். வெளியில் எங்கள் இருவரையும் தவிர யாருமில்லை. வலது கையை மெல்ல உயர்த்தினார். அது நெஞ்சளவில் வந்து நின்றது. நான் அந்த நிற்பை எங்கே கண்டாலும் அறிவேன்.

"மூண்டு வருசம் அக்கா," என்றார். "வீட்டில மனுசிக்கும் தெரியாது."

என் மொட்டைப் பிறைகளைப் பார்த்து ஊரையே சிரிக்க வைத்த மனிதர் இவர். திருப்பிக் கொடுப்பதற்கு என் நாக்கில் நாலைந்து சொல் வரிசையில் நின்றது. ஒன்றும் வெளியே வரவில்லை. வலி தெரிந்தவளுக்கு அது முடியாது போலும்.

"மேட்டுத் துண்டை நான் விதைக்கிறன் தம்பி," என்றேன். "ஆனா செவ்வாய்க்கிழமை என்னோட ஆஸ்பத்திரிக்கு வரவேணும்."

"சனம் கண்டால் என்ன கதைக்கும் அக்கா?"

"சனம் போன வருசம் என்ர வயலைக் கண்டது. நான் செத்தே போனன்?"

செவ்வாய்க்கிழமை காலை நான் பஸ் நிறுத்தத்துக்குப் போனபோது, தோய்த்து மடித்த சேர்ட் போட்டுக்கொண்டு, எனக்கு முன்னமே வந்து நின்றார் சிவராசா.